வெயிலைச் சேமித்து வைத்த வீடு

கொழும்பிலோ கல்முனையிலோ புத்தளத்திலோ வாழும் நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டும் என்ற கவலை இல்லை. விசிறி சுற்றாவிட்டால்தான் கவலை. நுவரெலியாவில் இருப்போர் மட்டும் ஜனவரி இரவுகளில் கம்பளியைத் தேடுவர். குளிர் நாடுகளின் நிலை வேறு. அங்கு ஒரு குடும்பம் வீட்டுக்குள் செலவிடும் சக்தியில் பெரும் பங்கு, சுவர்களுக்குள் சூட்டைத் தக்கவைப்பதற்கே போய்விடுகிறது. அதற்காக எண்ணெய், எரிவாயு, விறகு என்று எதையாவது எரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வேலையைச் சூரியனிடம் ஒப்படைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 1948 ஆம் ஆண்டில் மூன்று பெண்கள் ஒரு வீட்டையே கட்டி விடை தேடினார்கள். ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் நகருக்கு அருகில் உள்ள டோவர் என்ற ஊரில் அந்த வீடு எழுந்தது. முதலில் வெற்றி பெற்று, பின்னர் தோற்றுப்போன வீடு அது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மாணவிகளுக்கு அதன் வெற்றியைவிடத் தோல்வியே கூடுதலாகச் சுவைக்கும் என்பது என் எண்ணம்.

மூவரில் முதலாமவர் மரியா டெல்கெஸ். 1900 ஆம் ஆண்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். அங்கேயே இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு செய்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடலில் தத்தளிக்கும் மாலுமிகள் வெயிலின் உதவியால் கடல்நீரைக் குடிநீராக்கிக்கொள்ளும் சிறிய கருவி ஒன்றை வடிவமைத்தவரும் இவரே. இரண்டாமவர் கட்டடக் கலைஞர் எலினோர் ரேமண்ட். அதே ஊரில் ஒட்டுப்பலகையால் ஒரு வீட்டைக் கட்டிப் பார்த்த துணிச்சல்காரி. மூன்றாமவர் அமேலியா பீபொடி, சிற்பி, செல்வந்தர். காணியும் பணமும் அவருடையவை. சூட்டை எதில் சேமிப்பது என்பதில் எம்.ஐ.டி.யின் சூரிய ஆய்வுக் குழுவினருக்கும் டெல்கெஸுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆகவே இந்த வீடு பீபொடியின் பணத்திலேயே கட்டப்பட்டது.

இன்று ‘சோலார்’ என்றதும் கூரைமேல் நீல நிறத்தில் மின்னும், மின்சாரம் தரும் தகடுகளே நம் நினைவுக்கு வரும். டோவர் வீட்டில் இருந்தவை அவை அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் முதலாவது பயனுள்ள சிலிக்கன் சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டியது 1954 இல்தான். டோவரின் தகடுகள் மின்சாரத்தைத் தராமல் நேரடியாகச் சூட்டைப் பிடித்தன. இரண்டு கண்ணாடிகள், அவற்றுக்கு இடையே சிறிது காற்று, பின்னால் கறுப்பு வண்ணம் பூசிய மெல்லிய உலோகத் தகடு, அவ்வளவுதான். பகலில் வெயிலில் நிறுத்தி வைத்த காரின் கதவைத் திறந்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே வருகிறது. கறுப்புத் தகடு அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு வந்த வழியே எளிதில் வெளியேற முடிவதில்லை. தகட்டின் பின்னால் ஓடும் காற்று சூடாகி, மின்விசிறியின் உதவியால் குழாய் வழியாக வீட்டுக்குள் செல்லும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தத் தகடுகள் கூரையில் இல்லை. மேல்மாடியின் தெற்குச் சுவர் முழுவதும் செங்குத்தாக நின்றன. பொஸ்டன் பகுதி வடக்கே 42 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. டிசம்பர் மாத நண்பகலில் அங்கு சூரியன் தென்வானில் ஏறத்தாழ 24 பாகை உயரத்துக்கே ஏறும். அவ்வளவு தாழ்வான வெயிலைப் பிடிக்க நிமிர்ந்த சுவரே ஏற்றது. நிலத்தில் படிந்த பனியிலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்ந்து கிடைக்கும். கோடையில் சூரியன் 71 பாகை வரை ஏறிவிடுவதால் அதே சுவரில் வெயில் குறைவாகவே படும். சூடு தேவையில்லாத காலத்தில் சூடு குறைகிறது! நம் நாட்டிலோ சூரியன் ஆண்டு முழுவதும் உச்சிக்கு அருகில் உலவுகிறது. அதனால்தான் இங்கே தகடுகளைக் கூரையில் சற்றுச் சாய்த்துப் படுக்க வைக்கிறோம்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமானது இனித்தான் வருகிறது. வீட்டுக்குச் சூடு மிகவும் தேவைப்படுவது இரவில். அப்போது சூரியன் இல்லை. மசாசூசெட்ஸின் குளிர்காலத்தில் நாட்கணக்கில் முகில் மூடியும் கிடக்கும். பகலில் கிடைத்த சூட்டை எங்கே வைப்பது?

எம்.ஐ.டி. குழுவினர் 1939 இல் கட்டிய தமது முதல் வீட்டில் அதை நீரில் சேமித்தனர். டெல்கெஸ் தேர்ந்தது ஓர் உப்பு. கிளோபர் உப்பு என்பது அதன் பெயர். பத்து நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும் சோடியம் சல்பேற்று. ஒரு காலத்தில் பேதி மருந்தாக விற்கப்பட்ட, மலிவான சரக்கு. அது சுமார் 32 பாகை செல்சியஸில் உருகும்.

உருகுவதில் என்ன சிறப்பு? நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் போத்தலே இதற்கு நல்ல சாட்சி. மலைநாட்டுக் காலைகளில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்பதை உம்மாவிடம் கேட்டால் சொல்வார். மற்ற ஊர்களில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கலாம். உறைந்த எண்ணெயில் ஒரு வெப்பமானியைச் செருகி நிமிடத்துக்கு ஒரு முறை வாசித்துக் குறியுங்கள். வெப்பநிலை ஏறிக்கொண்டே வந்து, 24 பாகையை அண்மித்ததும் ஏற மனமில்லாமல் தயங்கும். எண்ணெய் முழுவதும் உருகிய பின்னரே மீண்டும் விரைவாக ஏறும். அந்தத் தயக்க நேரத்தில் உள்ளே போன சூடெல்லாம் திண்மத்தைத் திரவமாக்குவதில் செலவாகிறது. பாடப்புத்தகம் இதை மறைவெப்பம் என்கிறது. மறைந்த சூடு தொலைந்துபோவதில்லை. எண்ணெய் திரும்ப உறையும்போது அத்தனையும் வெளியே வரும்.

கிளோபர் உப்பு ஒரு கிலோகிராம் உருகும்போது ஏறத்தாழ 250 கிலோயூல் சூட்டை விழுங்குகிறது. டோவர் வீட்டின் அறைகளுக்கு இடையே இருந்த அடைப்புகளில் கலன் கலனாக அடுக்கப்பட்ட உப்பின் நிறை சுமார் 20 தொன். அதே அளவு சூட்டை நீரில் சேமிக்க விரும்பி, நீரை 30 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடாக்குவதாக வைத்துக்கொள்வோம். 60,000 லீற்றர் நீர் தேவைப்படும். நம் வீட்டு மாடியில் வைக்கும் 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கிகள் அறுபது! கணக்கை நீங்களே செய்து பாருங்கள். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு தெரிந்தால் போதும்.

பகலில் சூடான காற்று உப்பை உருக்கும். இரவில் உப்பு உறைந்து சூட்டைத் திருப்பித் தரும். வெயில் இல்லாத பத்து நாள்கள் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது திட்டம். எண்ணெய் உலை எதுவும் பொருத்தப்படவில்லை. 1948 டிசம்பரில் டெல்கெஸின் உறவினர் குடும்பம் ஒன்று குடியேறியது. கைக்குழந்தை முதல் முதியவர் வரை யாரும் உலையில்லாத வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது அங்கு விளையாட்டான காரியமல்ல. ஆனாலும் இரண்டு குளிர்காலங்களை அந்த வீடு கடந்தது. பத்திரிகைகள் கொண்டாடின, பார்க்க வந்தோர் பலர்.

மூன்றாவது குளிர்காலத்தில் வீடு குளிர்ந்தது. காரணம் உப்பின் குணத்திலேயே இருந்தது. கிளோபர் உப்பு பனிக்கட்டி போலச் சீராக உருகுவதில்லை. உருகும்போது நீரைப் பிரிந்த சோடியம் சல்பேற்றில் ஒரு பகுதி கரையாமல் அடியில் படிந்துவிடும். மறுபடி உறைய வேண்டிய நேரத்தில் நீர் மேலே, உப்பு கீழே. கலக்கிவிட ஆளில்லை, இரண்டும் முழுமையாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் சேமிப்பு சிறிது சிறிதாகக் குறைந்தது. போதாக்குறைக்கு உலோகக் கலன்கள் அரிக்கப்பட்டு ஒழுகவும் தொடங்கின. சில ஆண்டுகளில் உப்பு அகற்றப்பட்டு, அந்த வீட்டுக்கும் எண்ணெய் உலை வந்து சேர்ந்தது.

டெல்கெஸ் உப்பைக் கைவிடவில்லை. அதற்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும். அதற்குச் சிறிதளவு வெண்காரத்தைச் சேர்க்கலாம் என்று 1952 இல் எழுதினார். நகைத் தொழிலாளர் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம்தான். அதன் பளிங்கைப் பற்றிக்கொண்டு உப்பு உறையத் தொடங்கும். பின்னர் உப்பு அடியில் படியாதபடி கலவையைக் கெட்டியாக்கும் வழிகளையும் தேடினார். 1973 இல் டெலவெயர் பல்கலைக்கழகம் கட்டிய ‘சோலார் வன்’ என்ற வீட்டில், மின்சாரம் தரும் கலங்களுடன் அவரது உப்புச் சேமிப்பும் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1995 இல் பிறந்த ஊரான புடாபெஸ்டுக்குச் சென்றிருந்தபோது காலமானார்.

இன்று குளிர் நாடுகளில் பலர் கூரைத் தகட்டின் மின்சாரத்தைக் கொண்டு வெப்பப் பம்பியை இயக்குகிறார்கள். வெளிக்காற்றில் உள்ள சூட்டை அது உள்ளே இறைத்துத் தருவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் சூடு கிடைக்கும். நம் நாட்டின் கூரைகளில் தாங்கியோடு சேர்ந்திருக்கும் நீர்சூடாக்கிகளோ டோவர் வீட்டின் நெருங்கிய உறவினர்கள்: கண்ணாடி, கறுப்புப் பரப்பு, சூட்டைக் காக்கும் தாங்கி. சூடான நீர் தானாக மேலெழுவதால் அவை பலவற்றுக்கு விசிறியும் வேண்டாம், பம்பியும் வேண்டாம். உருகி உறையும் பொருள்களும் மறக்கப்படவில்லை. சூட்டை விழுங்கும் மெழுகுத் துணிக்கைகளைச் சுவர்ப் பலகைகளுக்குள் கலக்கிறார்கள். தடுப்பூசிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் பெட்டிகளில், குறித்த வெப்பநிலையில் உருகும் பொதிகளை வைக்கிறார்கள். அங்கே உப்பும் மெழுகும் காப்பது சூட்டை அல்ல, குளிர்ச்சியை.