விறகு இருக்கிறது, அடுப்பு எரியவில்லை

மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு சாப்பிடுகிறவருக்குக் கால் மரத்துப்போகிறது, பிறகு நடை தள்ளாடுகிறது. இன்னொருவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் திணறுகிறது. இரண்டும் ஒரே நோய், பெரிபெரி. பி1 என்கிற தயமின் வைட்டமின் குறைந்தால் வருவது. சாப்பாடு இருந்தும் உடம்பு ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறது?

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சோறு செரித்து குளுக்கோஸ் ஆகிறது. அதுதான் வாசலில் வந்து இறங்கும் மரம். பிறகு செல்லுக்குள் அது பாதி உடைந்து பைருவேட் ஆகிறது. கட்டையாக அறுத்தாயிற்று, ஆனால் இன்னும் அடுப்பு வாய்க்குள் நுழையாது. அடுத்து அதைப் பிளக்க வேண்டும். பிளக்கும் கோடாலி ஒரு நொதி; அந்தக் கோடாலியின் காம்பு தயமின். காம்பில்லாத வெறும் இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே கட்டை வெளியே குவிகிறது, அடுப்பு மங்குகிறது. குவிந்த பைருவேட் லாக்டிக் அமிலமாகி ரத்தத்தில் சேர்கிறது. ஓயாமல் தீ கேட்கும் நரம்பும் இதயமும்தான் முதலில் அடிவாங்குகின்றன.

மரம் அதிகம் இறங்கினால் பிளக்கும் வேலையும் அதிகம். ஆகவே சோறு கூடக் கூட தயமின் தேவையும் கூடுகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். ஆனால் உடம்பின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது.

நெல் தனக்கு வேண்டிய தயமினைத் தவிட்டிலும் முளையிலும் வைத்திருக்கிறது. இயந்திர ஆலை வந்ததும் இரண்டும் உரிந்து போயின. அதன் விளைவை ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளிடம் பார்த்தார். தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகளின் கால் துவண்டது. தவிட்டோடு கொடுத்தபோது எழுந்து நடந்தன. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதைவிடப் பிடித்த சாட்சி மலாயாவில் இருக்கிறது. அங்கே வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழ, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

புழுக்கும்போது என்ன ஆகிறது? முதலில் நெல்லை உமியோடு ஊறவைக்கிறோம். தயமின் தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே தவிட்டிலிருந்து கரைந்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு ஆவியில் வேகும்போது மாவு இறுகி, உள்ளே போனதைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் ஆலை தவிட்டை உரித்தாலும் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடும். அதே கரையும் குணத்தால்தான் அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் தயமின் வெளியேறுகிறது.

இன்று இந்தக் குறை அதிகம் வருவது கடுமையாகக் குடிப்பவர்களுக்கும், நாள்கணக்கில் வாந்தி எடுத்து எதுவும் தங்காதவர்களுக்கும்தான். அப்படிப்பட்டவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால் மருத்துவர்கள் குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசி போடுகிறார்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.