சாலையா, ரயிலா?

சிறு தீவாகிய சிங்கப்பூரில் சாலைகளை அகலப்படுத்திக்கொண்டே போக இயலாது. 1975இல், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டண உரிமம் விதிக்கப்பட்டது. பின்னர், பேருந்துகளை மட்டும் பெருக்குவதா, ரயில் அமைப்பதா என்னும் விவாதம் எழுந்தது. பேருந்துக்குச் செலவு குறைவு. எனினும் அதுவும் அதே சாலையில்தான் இடம் கேட்கும். ரயிலுக்குச் செலவு மிகுதி. ஆனால் தனிப்பாதை உண்டு. 1982இல் ரயில் என முடிவாயிற்று. 1987இல் ஓடத் தொடங்கியது. ஆயினும் ரயிலால் ஒழியும் சாலையிடத்தைப் புதிய கார்கள் நிரப்பிவிடக்கூடும். கட்டணமும் நீடித்தது, 1998இல் மின்னியல் முறைக்கு மாறியது. கட்டணம் மட்டும் இருந்தால் வசதி குறைந்தோர்க்கு வழி அடைபடும்; ரயில் மட்டும் இருந்தால் நெரிசல் மீளும். ஆகவே, வினா ஆகாரத்தை விடுத்து, ‘கட்டணமும் ரயிலும்’ என எண்ணும்மையால் விடை கூறுவதே பொருந்தும் என்பது நம் கருத்து.