இஜிஆர் வால்வை அடைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

டீசல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0401 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. பட்டறையில் அடுத்து வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "இஜிஆர் வால்வு போயிடுச்சு சார், புதுசு போடணும்." அல்லது, "தகடு வெச்சு அடைச்சிடலாம், செலவே இல்ல." இரண்டுக்குமே உடனே தலையாட்டாதீர்கள்.

இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் காற்றோடு கலந்து உள்ளே அனுப்புவது இஜிஆர். இதனால் எரிதலின் உச்ச வெப்பம் தணிகிறது. நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவாக உண்டாகின்றன. புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து, நாளடைவில் வால்வில் தார் போல அப்பிக்கொள்ளும். நெரிசலில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் நடக்கும்.

பி0401 சொல்வது, திரும்பி வரும் புகை போதவில்லை என்பதை மட்டும்தான். கரி அடைப்பு, கிழிந்த வேக்குவம் ஹோஸ், தப்பாக அளக்கும் காற்று சென்சார் என எதுவும் காரணமாக இருக்கலாம். பி0402 வந்தால் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். ஐடிலில் வண்டி உதறும், மிதித்தால் கரும்புகை வரும். பி0403 மின்சுற்றுக் கோளாறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கனெக்டரையும் வயரையும்.

ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறக்கவும் மூடவும் கட்டளை கொடுத்து, அது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சிக்கினால், இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, கரியைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டலாம். பல வால்வுகள் இதிலேயே சரியாகிவிடும். மோட்டாரோ உள்ளிருக்கும் சென்சாரோ செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், திரும்பி வரும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் இன்ஜினுக்கே ஆபத்து.

தகடு வைத்து அடைத்தால் கரும்புகை குறையும், அது உண்மை. டீசல் வண்டிக்கான நம் புகைச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் சான்றிதழும் கிடைத்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த நச்சு, சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மூச்சில் போய்ச் சேர்கிறது. இந்த அடைப்பு வேலையை ஒரு பட்டறை சேவையாக விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் ஏற்கவில்லை. காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும்; உரிமம் வைத்திருக்கும் தகுதியையும் 3 மாதத்துக்கு இழக்க நேரிடும். மாட்டிக்கொள்வது ஓட்டியவர்தான்.

வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய வால்வைக் கேட்டு வாங்குங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பிழைக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்துவிடும். அதனால் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்த பிறகே பணம் கொடுங்கள்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, அரைகுறையாகச் செய்தாலோ, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.