அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு!

டிம் டங்கனுக்கு முதலில் பிடித்தது கூடைப்பந்து அல்ல, நீச்சல். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோய் அவருடைய ஊர். அக்கா டிரிஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பிக்கும் அதே கனவுதான். 1989-ல் வீசிய ஹியூகோ புயல், அவர் பயிற்சி செய்த நீச்சல் குளத்தைச் சிதைத்துவிட்டது. கடலில் நீந்தலாமே என்றால், சுறா பயம்! அடுத்த ஆண்டு புற்றுநோய் அம்மாவைக் கொண்டுபோனது. மறுநாள் டங்கனுக்கு 14-வது பிறந்தநாள்.

அதன்பிறகு அவர் குளத்துக்குத் திரும்பவில்லை. மூத்த அக்காவின் கணவர்தான் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார்.

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்தபோதே, தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ-வின் கதவு திறந்திருந்தது. போனால் கோடிகள். கல்லூரி ஆட்டத்துக்கு அப்போது சம்பளம் கிடையாது. முழங்காலில் ஒரு காயம் பட்டால் எல்லாமே போச்சு. ஆனாலும் டங்கன் போகவில்லை. பட்டம் வாங்குவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாரே! நான்கு ஆண்டுகளும் படித்து, 1997-ல் உளவியல் பட்டத்தோடுதான் வெளியே வந்தார். அந்த ஆண்டு வீரர்கள் தேர்வில் முதல் பெயரே அவருடையதுதான்.

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் 19 சீசன்கள், 5 கோப்பைகள். பந்தைப் பலகையில் தட்டி வளையத்தில் விழவைக்கும் எளிய ஆட்டம், அலட்டல் இல்லை. சிலருக்கு அது அலுப்பூட்டியது. கோப்பைகளுக்கு அலுக்கவில்லை!

2016-ல் ஓய்வுபெற்ற கோபி பிரையன்ட்டுக்கு ஊர் ஊராக வழியனுப்பு நடந்தது. அதே ஆண்டு டங்கனும் விடைபெற்றார். அணியிலிருந்து ஓர் அறிக்கை வந்தது, அவ்வளவுதான்.