தேயிலை காட்டிய விரிசல்

சைக்கிள் கடையில் பங்க்சர் பார்ப்பதை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்குவார்கள். குமிழி கிளம்பும் இடத்தில் ஓட்டை.

சர்வதேச விண்வெளி நிலையமும் அந்த ட்யூப் மாதிரிதான். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. உள்ளே, நாம் இங்கே சுவாசிக்கிற அதே அழுத்தத்தில் காற்று. வெளியே வெற்றிடம். மெல்லிய கீறல் விழுந்தாலும் காற்று வெளியே ஓடிவிடும். நிலையத்தை எந்தத் தண்ணீரில் அமுக்குவது?

2020-இல் அங்கே காற்று வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தது. அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்: கிறிஸ் காசிடி, அனதோலி இவானிஷின், இவான் வாக்னர். மூவரும் ஸ்வெஸ்தா என்ற ரஷ்யப் பகுதியில் தங்கிக்கொண்டு, மற்ற அறைகளின் கதவுகளை மூடினார்கள். ஏன் மூட வேண்டும்? மூடிய அறையில் அழுத்தம் குறைந்தால், ஓட்டை அங்கேதான். புரிகிறதா?

பொறுமையாகச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பார்த்தால், கசிவு அவர்கள் தங்கியிருந்த ஸ்வெஸ்தாவிலேயே!

சரி, அதில் எந்த இடம்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அக்டோபரில் ஒரு தேயிலைப் பையைப் பிரித்தார்கள். தூளை ஸ்வெஸ்தாவின் ஒரு சின்ன அறைக்குள் மிதக்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்கள். உள்ளே கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் வீட்டில் தூளைக் கொட்டினால் தரையில் விழும். அங்கே விழாது, மிதக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத சின்னக் காற்றோட்டம்கூட அதை இழுத்துப்போகும். தூள் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரிடத்தை நோக்கிப் போனது. அங்கே இருந்தது விரிசல்!

அதன்மேல் காப்டன் என்ற டேப்பை ஒட்டினார்கள். "வெறும் டேப் போதுமா?" என்று கேட்கிறீர்களா? சபாஷ், அருமையான கேள்வி! சைக்கிள் ட்யூபில் ஒட்டு வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று அதைப் பிய்த்துத் தள்ளப் பார்க்கும். இவர்கள் ஒட்டியதோ உள்பக்கம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிலோ எடை வைத்ததுபோல, அறைக் காற்றே டேப்பைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது.

ஆனாலும் அது தற்காலிக ஏற்பாடுதான். அந்தப் பகுதியில் பிறகும் கசிவு இருந்தது. அதனால் உள்ளே வேலை இல்லாதபோது, அந்தச் சின்ன அறையின் கதவை மூடியே வைத்தார்கள்.