பொறியியல் பணித் தேர்வு: மூன்று கட்டங்களும் மூன்று பயிற்சிகளும்



திருச்சிராப்பள்ளியைச் சார்ந்து வாழும் நமக்குப் பொறியியல் தொழில் புதியதன்று. பொன்மலை இரயில்வேப் பணிமனை 1928-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. 1960-களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. ஆயினும், பொறியாளர் பணிக்குரிய தேர்வுகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை முற்றும் அறிந்து முயல்வோர் சிலரே. எடமலைப்பட்டி புதூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாக வாழும் என்னை நாடி வரும் இளைஞர்கள், “ஐயா, எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்?” என்றே வினவுகின்றனர். அதற்கு முன்னர் எழ வேண்டிய வினா வேறு. “ஒவ்வொரு கட்டமும் என்னிடம் எதனைச் சோதிக்கின்றது?” என்பதே அது.

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2017 முதல் முதல்நிலைத் தேர்வுக்கு 500 மதிப்பெண், முதன்மைத் தேர்வுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 200, ஆக 1300. இம்மூன்றும் இறுதிக் கணக்கில் சேரும். இரயில்வே இளநிலைப் பொறியாளர் தேர்விலோ, 100 வினாக்கள் கொண்ட முதற் கட்டம் வடிகட்டுவதற்கு மட்டுமே. 150 வினாக்கள் கொண்ட இரண்டாம் கட்டமே தகுதி வரிசையை முடிவு செய்யும். அங்கே நேர்முகத் தேர்வும் இல்லை. ஆதலின், அறிவிக்கையை ஊன்றிப் படித்து, எக்கட்டத்து மதிப்பெண் எண்ணப்படும் என்பதை முதலிற் குறித்துக்கொள்க.

முதல்நிலைத் தேர்வு சோதிப்பது விரைவும் அடக்கமுமாகும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர வேண்டும். தவறினால் அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றும் அறியாமல் 12 வினாக்களுக்குக் குருட்டாம்போக்கில் விடையளித்தால், சராசரியாக 3 சரியாகும், 9 தவறாகும். பெற்ற மூன்றும் கழிந்து பயன் சுழியமே. பொருந்தாத விடை ஒன்றை உறுதியாக விலக்க முடியுமாயின், 4 சரியும் 8 தவறுமாகிச் சிறிது மிஞ்சும். எனவே, கடிகாரத்தை முன்வைத்துப் பழைய வினாத்தாள்களுக்கு விடையளித்துப் பழகுக.

முதன்மைத் தேர்வில் தெரிந்தெடுக்க விடைகள் தரப்படுவதில்லை. மும்மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள்களை எழுத வேண்டும். சூத்திரத்தை வருவித்தல், படம் வரைதல், அலகு தவறாமல் கணக்கிடுதல் ஆகியவை கைப்பழக்கத்தாலன்றி வாரா. இத்தாள்களை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். தமிழ் வழியிற் பயின்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. பொருளைத் தமிழில் எண்ணித் தெளிந்து, பின்னர்ச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி வருக.

நேர்முகத் தேர்விலோ, மனப்பாடம் உதவாது. “உயர் அழுத்தக் கொதிகலனில் நீர் ஏன் சிறு விட்டமுள்ள குழாய்களில் ஓடுகின்றது?” என்று ஒருவர் வினவலாம். கொதிகலனின் இலக்கணத்தை ஒப்பித்தால் அது விடையாகாது. குழாய்ச் சுவரில் எழும் தகைவு, உள்ளழுத்தத்தோடும் விட்டத்தோடும் நேர் விகிதத்திலும், சுவரின் தடிப்போடு எதிர் விகிதத்திலும் அமையும். ஆகவே, விட்டம் சிறிதாயின் மெல்லிய சுவரே பேரழுத்தத்தைத் தாங்கும். அதனூடே வெப்பமும் எளிதிற் பாயும். இவ்வாறு காரணத்தைப் படிப்படியாகச் சொல்லத் தெரிந்தவரே பொறியாளராகத் தோன்றுவர். வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ தினமும் பத்து நிமிடம் ஒரு பொறியின் காரணத்தை விளக்கிப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி. அறியாத வினா வந்தால், “தெரியவில்லை, ஐயா” எனப் பணிவுடன் கூறுக. புனைந்துரைத்தால் அடுத்த வினாவிலேயே அகப்படுவீர்கள்.

இவற்றை வலியுறுத்தக் காரணம் உண்டு. நேர்முகத் தேர்வில் இடறியவர் அடுத்த ஆண்டு மீண்டும் முதல்நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். பொதுப் பிரிவினர்க்கு வயது வரம்போ 30. கடன் பெற்றுப் படிக்க வைத்த பெற்றோர்க்கு ஓராண்டு என்பது பெரும் சுமை. எழுத்துத் தேர்வு முடிவு வரட்டும், அதன் பின்னர்ப் பேசிப் பழகலாம் என்று காத்திராமல், மூன்று பயிற்சிகளையும் கல்லூரியின் மூன்றாம் ஆண்டிலேயே ஒருங்கே தொடங்குவீர்களாக. உங்கள் முயற்சி நற்பயன் தருக!