குழந்தைகளோடு ஊரூர் ஒல்காட் குப்பம் போகலாமா? சித்தி கேட்ட கேள்வியும் ஒரு மே மாதக் காலையும்!

"ஏன்டி, அங்கெல்லாம் பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?"

திருச்சியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த சித்தி இப்படிக் கேட்டபோது, நான் உடனே 'ஓ, தாராளமா' என்று சொல்லிவிடவில்லை. வண்டலூர் முடிந்தது, மால் முடிந்தது, மெரினாவில் பஜ்ஜியும் முடிந்தது. மூன்றாம் நாள் காலைக்கு நான் சொன்ன இடம் ஊரூர் ஒல்காட் குப்பம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் படகுகள் தெரியுமே, அந்த ஊர்தான். பீச்சுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நடைபாதை முடிகிற இடத்தோடு திரும்பிவிடுவார்கள். சித்தி கூகுளில் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "ஒரே மீன் நாத்தமா இருக்கும்போலயே" என்றார். இருக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அபார்ட்மென்ட் மேல்மாடி மாமா வந்தார். போன வருடம் குடும்பத்தோடு இத்தாலி போய்வந்தவர். யார் வந்தாலும் போனை எடுத்துப் படம் காட்டுவார். அன்றைக்குக் காட்டியது நேப்பிள்ஸ். குறுகலான சந்துகள், இந்த வீட்டு ஜன்னலுக்கும் அந்த வீட்டு ஜன்னலுக்கும் நடுவே கயிறு கட்டிக் காயப்போட்ட துணிகள், சுவர் முழுக்க மரடோனா. "அழுக்குதான், சத்தம்தான், பிக்பாக்கெட் பயம் வேற. ஆனா ஊர்ல ஒரு உயிர் இருக்கு பாரு!" என்று உருகினார். நாங்கள் நாளைக்குக் குப்பம் போகப்போகிறோம் என்றதும் முகம் மாறியது. "அங்கே என்னம்மா இருக்கு பார்க்க?"

முப்பது வருடமாகப் பெசன்ட் நகரில் இருக்கிறார் மாமா. குப்பம் அவர் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடை.

நேப்பிள்ஸுக்கு ஒரு நியாயம்...

மாமாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேப்பிள்ஸ் பற்றி அவர் சொன்னது சரிதான். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நகரத் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது உலகச் செய்தியானது. அதே நகரத்தின் பழைய பகுதி 1995-லேயே யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருந்தது. அங்கே பீட்சா சுடும் கலையையும் 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எரிமலையில் புதைந்த பாம்பெய் பக்கத்தில்தான். ஆகவே, குழந்தைகளோடு போகிறவர்கள் 'அழுக்கா, ஆபத்தா' என்று யோசித்துவிட்டு, பர்ஸை முன்பக்கப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டு வருகிறார்கள். அங்கே கொடியில் காயும் துணியைப் படம் எடுக்க டிக்கெட் போட்டுப் பறக்கிறோம். இங்கே வேலிமேல் காயும் வலையைப் பார்க்கப் பத்து எட்டு வைக்க யோசிக்கிறோம். ஏன் என்று எனக்கும் சரியாகப் புரியவில்லை. ஆனால், மறுநாள் காலை சித்தி மகன் கேட்ட ஒரு கேள்வியில் பாதி பதில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காலை ஆறரை

போவதென்றால் காலையில் போங்கள். சாயங்காலம் போனால் எலியட்ஸ் கூட்டத்தின் மிச்சம்தான் கிடைக்கும். படகுகள் கரை ஏறுவதும், மீன் விற்பதும், வலையிலிருந்து மீனைப் பிரிப்பதும் காலையில்தான். ஒன்பது மணிக்கு மேல் மே மாத மணலில் குழந்தைகளை நடக்கவிடவும் முடியாது.

நாங்கள் 29சி பிடித்துப் பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தோம். கடற்கரையில் முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளை வளைவு, ஷ்மிட் நினைவுச் சின்னம். செல்ஃபி எடுக்கிறவர்கள் பலருக்கு அது யாருக்காக என்று தெரியாது. கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமி 1930 டிசம்பர் 30 அன்று இந்தக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய், தான் மூழ்கி இறந்தார். இதைச் சித்தியின் மகளிடம் (பதினொரு வயது) சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்த பார்வை கொஞ்சம் மாறியது. அது நல்லதுதான். இந்தக் கடல் குளிப்பதற்கானது அல்ல. கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலை சின்னதாகத் தெரியும், அடியில் இழுவை இருக்கும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் நடைபாதை முடிந்து மணல் தொடங்குகிறது. ஃபைபர் படகுகள், அவற்றின்மேல் தார்ப்பாய், நிழலில் உட்கார்ந்து வலை சரிசெய்யும் பெரியவர்கள். ஊரூர், ஒல்காட் என்று இரண்டு பெயர்கள் சேர்ந்த ஊர் இது. ஒல்காட் என்பது அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர். அந்தச் சபை 1882-ல் இங்கே இடம் வாங்கியது. ஊரூர் அதைவிடப் பழைய பெயர். நாம் 'பெசன்ட் நகர்' என்று சொல்லும் குடியிருப்போ, 1970-களில் வீட்டுவசதி வாரியம் போட்ட மனைகளோடு வளர்ந்தது. யார் யாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்பதை இந்த வரிசையில் யோசித்துப் பாருங்கள்.

வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் சித்தப்பா பேச்சுக் கொடுத்தார். அவர் கடலில் துண்டுக் கட்டை ஒன்று மிதந்து போவதைக் காட்டி, "தெண்டி ஓடுது பாரு சார்" என்றார். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்கிறார்கள், வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வண்ணி. காற்றுக்கும் இதுபோலத் தனித்தனிப் பெயர்கள் உண்டு, வாடை, கச்சான், கொண்டல் என்று. எந்த நீரோட்டத்தில், எந்தக் காற்றில் எங்கே வலை விடலாம் என்பது இவர்களுக்கு மனப்பாடம். சித்தி மகள் பள்ளியில் பருவக்காற்று பாடம் படித்து முடித்திருந்தாள். தேர்வுக்குப் படித்தது மணல்மேல் நிஜமாக நடப்பதைப் பார்த்து, போனில் குறிப்பெடுத்துக்கொண்டாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை, அவளாகவே!

"குப்பம்னா குப்பையா?"

மீன் விற்கும் அக்காக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலகைமேல் சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, ஒரு வாளியில் நண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மே மாதம் மீனே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தடை பெரிய விசைப்படகுகளுக்கு. இங்கேயிருக்கும் சின்னப் படகுகள் கடலுக்குப் போகின்றன. வரத்துக் குறைவு என்பதால் விலை கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

"எத்தினி பேரும்மா வூட்ல? சங்கரா எடுத்துக்கோ, கொயம்புக்கு நல்லாருக்கும். செவுள் பாரு, எப்பிடி செவசெவன்னு கீது" என்று ஓர் அக்கா செவுளைத் திறந்து காட்டினார். ஆறு வயதுப் பையன் பின்வாங்கினான். "தொட்டுப் பாருடா கண்ணு, கடிக்காது." தொட்டான். வழுக்கியது. சிரித்தான். அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டான்.

"அம்மா, குப்பம்னா குப்பை போடற இடமா?"

சித்தி முகத்தில் ஈயாடவில்லை. நான் மணலைப் பார்த்தேன். குப்பம் என்றால் சிற்றூர், அதிலும் கடலோரத்தில் மீனவர் வாழும் ஊர். சென்னைக் கடற்கரையில் அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் என்று எத்தனை குப்பங்கள். வட தமிழகத்தில் கடலே இல்லாத பல கிராமங்களும் குப்பம் என்றுதான் முடிகின்றன. ஆனால், சினிமாவிலும் பேச்சிலும் அந்தச் சொல்லை நாம் எப்படிப் புழங்கியிருக்கிறோம் என்பது ஓர் ஆறு வயதுக் குழந்தை காதுவரை போயிருக்கிறது.

அக்கா கோபப்படவில்லை. மீனைச் செதில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "குப்பம்னா ஊரு கண்ணு. உங்க ஊரு மாரி இதுவும் ஊரு. குப்பைய நாங்க போடல, நீங்க போடறது ஆத்துல வந்து இங்க ஒதுங்குது." அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் அசட்டுத்தனமாக.

அவர் சொன்னதில் மிகை இல்லை. அடையாறு கடலில் சேரும் இடம் இந்தக் குப்பத்துக்கு அடுத்துத்தான். நகரத்தின் கழிவுநீரையும் பிளாஸ்டிக்கையும் சுமந்துகொண்டுதான் ஆறு வருகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த பிறகு ஆகாயத்தாமரையும் பாட்டிலும் செருப்புமாக மணல் முழுக்கப் பரவிக் கிடக்கும். வலையில் மீனுக்கு முன்னால் பிளாஸ்டிக் மாட்டும். குழந்தைகளைக் கூட்டிப்போவதா என்று தயங்க அழுக்கு ஒரு காரணம் என்றால், அந்த அழுக்கின் பிறப்பிடம் மேலே, நம் தெருக்களில் இருக்கிறது. செருப்பில்லாமல் மட்டும் நடக்கவிடாதீர்கள். கண்ணாடித் துண்டும் உண்டு, தூண்டில் முள்ளும் உண்டு.

போகக்கூடாத ஓர் இடம்

குப்பத்தைத் தாண்டி ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது உடைந்த பாலம். 1967-ல் கட்டப்பட்டு, 1977-ல் வெள்ளத்தில் உடைந்த பாலம் அது. எத்தனையோ சினிமாக்களில் வந்துவிட்டதால், ரீல்ஸ் எடுக்க இளைஞர் கூட்டம் போகும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என் கருத்து ஒரே வார்த்தை: வேண்டாம். தூரத்திலிருந்து பாருங்கள். கைப்பிடி உடைந்த இடங்கள், நடுவே திடீரென்று முடிந்துபோகும் பாதை, கீழே ஆறும் கடலும் இழுத்துக்கொள்ளும் தண்ணீர். இருட்டிய பிறகு போகவே வேண்டாம். நிம்மதியாக நின்று பார்க்க முகத்துவாரத்துப் பறவைகள் போதும்.

இந்தப் பாலத்தை மறுபடி கட்டி, பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் சாலையால் இணைக்கும் பேச்சு அவ்வப்போது எழும். போக்குவரத்து நெரிசலில் சிக்கியவர்களுக்கு நல்ல யோசனையாகத் தோன்றும். படகு நிறுத்தவும் வலை காயவைக்கவும் மீன் விற்கவும் இருக்கும் மணல்தான் அந்தச் சாலைக்குப் போகும் என்பதால், மீனவர்கள் எதிர்த்துவருகிறார்கள். சாலை வந்தால் மாமாவின் கார் இங்கே அடிக்கடி வரும். ஆனால், பார்க்க இந்த மீன் வரிசை இருக்குமா என்பது வேறு கேள்வி.

விருந்தாளிகள் வந்த வருடங்கள்

பீச் நடைபாதையோடு திரும்பிவிடும் வழக்கத்தை உடைத்துப் பார்த்த ஒரு முயற்சி 2015-ல் நடந்தது. கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரியும் பரதமும், பறையும் கூத்தும் ஒரே மேடையில். மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலிருந்து வந்தவர்கள் முதல்முறையாக இந்தத் தெருக்களில் நடந்தார்கள். இது தேவையா, யாருக்காக என்ற விவாதங்களும் அப்போது நிறைய நடந்தன. பின்னர் விழா 'சென்னைக் கலைத் தெரு விழா' என்று பெயர் மாறியது. என்ன விமர்சனம் இருந்தாலும், 'அங்கே குடும்பத்தோடு போகலாமா' என்ற கேள்விக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்போதே நடந்துபோய் விடை கண்டுவிட்டன.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை இது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-லிருந்து இந்தக் கரையோரம் இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். சீசனில் பொதுமக்களும் அந்த நடையில் சேரலாம். நள்ளிரவு நடை என்பதால் சின்னக் குழந்தைகளுக்குச் சரிவராது. குஞ்சுகளைக் கடலில் விடும் சாயங்காலங்கள்தான் அவர்களுக்கு ஏற்றவை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செத்து ஒதுங்கிய ஆமையையும் குழந்தைகள் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மூச்சுவிட மேலே வரமுடியாமல் இழுவை வலைகளில் சிக்குவது அதற்கு முக்கியக் காரணம். குழந்தை கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

சரி, போகலாமா?

என்னைக் கேட்டால், போகலாம். மீன் வாங்குகிறவராகப் போங்கள். வேடிக்கை பார்க்கிறவராகப் போனால் உங்களுக்கும் கூச்சம், அவர்களுக்கும் எரிச்சல். தெருவில் வாசல்படியிலேயே சமைப்பார்கள், தலை வாருவார்கள், தூங்குவார்கள். அது அவர்கள் வீட்டு ஹால். உங்கள் ஹாலுக்குள் யாராவது போனை நீட்டிக்கொண்டு வந்தால் எப்படியிருக்கும்? படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். எல்லையம்மன் கோயிலுக்குப் போங்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாட்டி, தாத்தாக்களோடு வருகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். மணலில் நடப்பது முழங்காலுக்குச் சிரமம். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளவும் முடியாது. பாத்ரூம் வேலையைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

சித்தி அன்றைக்கு ஒரு கூறு சங்கராவும் அரைக்கிலோ நண்டும் வாங்கினார். பேரம் பேசப் பார்த்தார். "காலைல மூணு மணிக்குப் போனாங்கம்மா கடலுக்கு" என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டார். சாயங்காலம் மாடிப்படியில் மேல்மாடி மாமாவைப் பார்த்தபோது, "நண்டு என்ன விலை சொல்றா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நண்டு வாங்குகிறவர்கள் மூடி போட்ட டப்பா எடுத்துப்போங்கள். நாங்கள் பிளாஸ்டிக் வேண்டாம் என்று துணிப்பையில் வாங்கினோம். 29சி பஸ்ஸில் ஒன்று வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் காலைத் தூக்கிக்கொண்டு சீட்டில் ஏறிவிட்டார். பிடித்தது சித்தியின் பையன்தான், பின்பக்கமாக, அந்த அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி.